நாற்காலிக் கணக்கு

பதினேழாங்கட்டையில் கல்யாணமோ காரியமோ
நாற்காலி என்னிடமிருந்துதான் போகும்.
சிவப்பு, கைப்பிடி இல்லாதது, ஒன்று எழுபது காசு.
கெம்மா தனி. மேசைத் துணி தனி.
ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைச் சாயத்தில்
என் பெயரின் முதல் எழுத்து: நா.

அன்று முந்நூறு கேட்டார்கள்.
லோகாஷினிக்கு இருபத்தொன்று.
அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய சாவி
ஆளுயரத்துக்கு நின்றது பாலாய் ராயா வாசலில்.
ஆலையிலிருந்து வரும் எண்ணெய்ப் புழுக்கத்தோடு
ஆட்டிறைச்சிப் பிரட்டல் மணம்.
உர லோரி ஓட்டும் அவள் அப்பா
ஆறு மாதம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த ராத்திரி.

முதல் துண்டை யாருக்கு ஊட்டுவது என்று
அவள் திரும்பிய நேரம்
சத்தம் வந்தது. மூன்று.
மைக் பிடித்தவர் சிரித்துக்கொண்டே,
"யாருப்பா அது, இப்பவே மெர்சூன் போடுறது?
கேக் வெட்டி முடியட்டும்ப்பா" என்றார்.
சில பேர் கைதட்டினார்கள்.
அதை நான் மறக்கப் பார்க்கிறேன்.

குணாளன் எழுந்திருக்கவில்லை.
ஏழாம் வரிசை, ஓரத்திலிருந்து இரண்டாவது.
மடியில் தட்டு இருந்தது, அப்பளம் உடையாமல்.
தேடி வந்தது அவனைத்தான் என்றார்கள்,
அவன் தம்பியை என்றார்கள்,
சட்டை நிறம் பார்த்து ஏமாந்தது என்றும் ஒருவர்.
பாட்டை நிறுத்த வேண்டும் என்று
ஒருவருக்கும் தோன்றவில்லை.
அது தானாக முடிந்து
அடுத்த பாட்டுக்குப் போயிற்று.

ஓடியவர்கள் தள்ளிவிட்ட நாற்காலிகளுக்கு நடுவே
ஹெல்மெட் போட்ட அவன் மட்டும் நடந்து போனான்,
ஒன்றின்மேலும் இடிக்காமல்.
வழியில் கவிழ்ந்து கிடந்ததை
இடது கையால் நிமிர்த்தி வைத்துவிட்டு.

முதுகைப் பிடித்து ஒரு சுழற்று,
தரையில் சத்தமே கேட்காது.
அதற்குப் பழகியிருக்க வேண்டும்.
நான்தான் பழக்கினேன்.
ராத்திரிக்கு முப்பது வெள்ளி, ஒரு பொட்டலம் மீ கோரேங்.
பதினைந்து பதினைந்தாக அடுக்கு,
கால் கீறக் கூடாது தம்பி.

இன்ஸ்பெக்டர் மலாயில் எழுதிக்கொண்டார்.
எத்தனை நாற்காலி வந்தது? முந்நூறு.
எத்தனை இருக்கிறது?
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது, ஒன்று உங்களிடம்.
வேறு ஏதாவது?
செம்பனைக்குள் போன மோட்டாரின் புகை
விளக்கு வெளிச்சத்தில் இன்னும் தொங்கியது.
திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளையாய் நா.
இல்லை என்றேன்.

மறுநாள் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவினோம்.
ரத்தம் பட்டது நான்கில்தான்.
எந்த நான்கு என்று பிறகு தெரியவில்லை,
எல்லாமே சிவப்பு.

கோயில் தலைவர் வெளியூர்க்காரர்கள் என்றார்.
அந்தத் தீபாவளிக்குக் கடையில் மத்தாப்பு மட்டும் விற்றது.
இப்போது கேட்பவர்கள் நூறு போதும் என்கிறார்கள்.
சுவரோரமாய்ப் போடச் சொல்கிறார்கள்.
ரோட்டுக்கு முதுகு காட்டி ஒருவரும் உட்காருவதில்லை.
லோகாஷினியின் அப்பா பாக்கியைக் கொண்டு வந்தார்.
முந்நூறுக்கும் சேர்த்து இருநூற்றுப் பத்து வெள்ளி,
கசங்கிய நோட்டுகளை நீவி நீவி எண்ணி வைத்தார்.
வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

பதினொரு மாதம் கழித்து
ஸ்டேஷனில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
கேஸ் எண் எழுதிய அட்டை இன்னும் அதன் காலில்.
உட்காரும் இடத்தில் ஓர் ஓட்டை,
சுண்டுவிரல் போகும்.

கொல்லையில் போட்டிருக்கிறேன்.
மழை பெய்தால் மற்றதெல்லாம் குளம் கட்டி நிற்கும்,
விடிந்ததும் ஒவ்வொன்றாய்க் கவிழ்க்க வேண்டும்.
அது ஒன்றுதான் தன் தண்ணீரைத்
தானே விட்டுவிடுகிறது.

நேற்று அவன் அம்மா வந்தாள்.
மகனுக்கு நிச்சயமாம். நூற்றைம்பது வேண்டுமாம்.
"ஆள் அனுப்ப வேணாம் அக்கா,
இவனே வந்து ஏத்திக்குவான்,
அடுக்கத் தெரிஞ்சவன்தானே."

நோட்டைத் திறந்திருக்கிறேன்.
தேதி என்ன என்று
இன்னும் கேட்கவில்லை.